சின்ன வேலைதான் தம்பி

"சின்ன வேலைதான் தம்பி. ஃபைல் ரெடியா இருக்கு. வெப்சைட்ல தெரியற மாதிரி மாத்திக் குடுத்தாப் போதும்."

காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் போனில் இப்படிச் சொன்னது தை மாதத்தில். வேலை முடிந்தது போன வாரம், ஆடி பிறந்த பிறகு. நடுவில் ஆறு மாதம் எங்கே போனது என்று வீட்டில் கேட்கிறார்கள். வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாததை உங்களிடம் கொட்டிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

என் பிழைப்பைப் பற்றி முதலில் நாலு வரி. பதினோரு வருடம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஈ-பப்ளிஷிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். சென்னையிலும் புதுச்சேரியிலும் இந்தத் தொழிலில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஆனால் அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியே முடிந்துவிடும். வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு வரும் ஆராய்ச்சிக் கட்டுரை வேர்டு ஃபைலாக இங்கே வந்து சேரும். நாங்கள் எது தலைப்பு, எது பத்தி என்று அதற்கு டேக் போட்டு எக்ஸ்எம்எல் ஆக்கி, அதிலிருந்து பிடிஎஃப், வெப் பக்கம், ஈ-புத்தகம் எல்லாம் எடுத்து அனுப்புவோம். அதில் என் வேலை கன்வர்ஷன் ஸ்க்ரிப்ட் எழுதுவது. ஒரு டேக் முறையிலிருந்து இன்னொரு டேக் முறைக்கு மாற்றுகிற நிரல். அதனால் சார் கேட்டபோது நானும் வாய்கூசாமல், "ஆமா சார், ரெண்டு நாள் வேலை" என்றுதான் சொன்னேன்.

வந்த ஃபைலில் இருந்தவை அவருடைய ஐயாவின் கடிதங்கள். நகரத்தார் வீடுகளில் அப்பாவின் அப்பாவை ஐயா என்பார்கள். அவர் ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்தபோது ஊருக்கு எழுதிய 214 கடிதங்கள். கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில். டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. அதன் பிறகு கடிதமில்லை, மறு வருடம் ஆள்தான் வந்து சேர்ந்தார், பாதி வழி நடையாகவே. தகரப்பெட்டியில் கிடந்த அந்தக் கடிதங்களை சார் 2013இல் கையிலெடுத்தார். ஏதோ ஒரு பட்டறையில் டிஇஐ கற்றுக்கொண்டு வந்து, தினமும் காலை ஒரு மணி நேரம் என்று ஆறு வருடம் உட்கார்ந்து தட்டியிருக்கிறார்.

டிஇஐ என்பது பழைய பிரதிகளைக் கணினியில் எப்படி டேக் போட்டு வைப்பது என்பதற்கான ஒழுங்குமுறை. 1987 நவம்பரில், நியூயார்க் மாநிலத்தில் பூகிப்ஸி என்ற ஊரில், வாசர் கல்லூரியில் கூடிய ஒரு கூட்டத்தில் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில்தான் வந்தது, ஆக டிஇஐ அதைவிடப் பத்து வயது மூத்தது. எக்ஸ்எம்எல்லைத் தொகுத்த மூன்று பேரில் ஒருவரான ஸ்பெர்பெர்க்-மெக்வீன் அதற்கு முன்பே டிஇஐயின் ஆசிரியராக இருந்தவர். எக்ஸ்எம்எல்லின் ரத்தத்தில் கொஞ்சம் சுவடிப் பதிப்பும் ஓடுகிறது என்று நான் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. ஒருவரும் அசைந்துகொடுத்ததில்லை.

எழுதியவர் அடித்தது, மேலே சொருகியது, பூச்சி அரித்தது, பதிப்பாசிரியர் ஊகித்துப் போட்டது என்று எல்லாவற்றுக்கும் டிஇஐயில் டேக் உண்டு. சார் எதையும் விடவில்லை. நானே ஃபைலைத் திறந்து பார்த்து, இது என்ன இவ்வளவு டேக் என்று மலைத்துப்போனேன். மலைத்தவன் அங்கேயே நின்று நிதானமாகப் படித்திருக்க வேண்டும். நேராக எக்ஸ்எஸ்எல்டி எழுதப் போய்விட்டேன்.

எக்ஸ்எஸ்எல்டி 1999 நவம்பரில் வந்த மொழி. எக்ஸ்எம்எல்லை வேறொன்றாக மாற்றுவதற்கென்றே உண்டாக்கியது. "பத்தி டேகைப் பார்த்தால் இப்படிச் செய், தலைப்பைப் பார்த்தால் அப்படிச் செய்" என்று விதி விதியாக எழுதிக்கொண்டு போகலாம். சரி, விதியே எழுதாத டேக் ஒன்று எதிரே வந்தால்? நியாயமாக, "இது என்னன்னு தெரியலையே" என்று நின்று கேட்க வேண்டும். கேட்காது. டேகை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வெளியே விடும். டேகுக்குள் கூடுதல் விவரம் சொல்லும் அட்ரிபியூட்டை எட்டிக்கூடப் பார்க்காது. கமென்ட்டைத் தூக்கிப்போட்டுவிடும். இது பக் இல்லை, முதல் பதிப்பிலேயே எழுதிவைத்த நடத்தை. ஆவணம் என்றால் எழுத்துதானே, எழுத்து தொலையாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள் போல.

முதல் ஓட்டத்தில் 214 கடிதமும் ஒரே குவியலாக, பத்திகூடப் பிரியாமல், மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டியது. அது பழைய கதை. டிஇஐ டேகுகளுக்கு என்று குடும்பப் பெயர் மாதிரி ஒரு நேம்ஸ்பேஸ் உண்டு. அதை ஸ்க்ரிப்டில் சொல்லாவிட்டால் "பத்தி" என்று நான் எழுதும் விதியும் ஃபைலில் இருக்கும் பத்தியும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளாது. எந்த விதியும் பொருந்தாததால் எல்லாமே உரிபட்டுக் கொட்டும். இது பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற தப்பு நல்ல தப்பு, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அடுத்த ஓட்டத்தில் வந்தது பாருங்கள், அதுதான் ஆபத்து. பக்கம் அழகாக இருந்தது. தலைப்பு, பத்தி, கையெழுத்து எல்லாம் அதனதன் இடத்தில். சாருக்கு லிங்க் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் மூன்று மிஸ்டு கால்.

"தம்பி, ஐயா அடிச்சதெல்லாம் உள்ள வந்திருக்கே?"

ஒரு கடிதத்தில் ஐயா முதலில் "உடம்புக்குச் சுகமில்லை" என்று எழுதி, ஊரில் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதை அடித்துவிட்டு "எல்லாரும் சௌக்கியம்" என்று எழுதியிருக்கிறார். சார் முதலாவதற்கு "அடித்தது" என்ற டேகும், இரண்டாவதற்கு "சேர்த்தது" என்ற டேகும் போட்டிருந்தார். இரண்டுக்கும் நான் விதி எழுதவில்லை. டேக் உரிந்தது, எழுத்து நின்றது. பக்கத்தில் இப்படி வந்திருந்தது: "உடம்புக்குச் சுகமில்லைஎல்லாரும் சௌக்கியம்". எண்பது வருடத்துக்கு முன் ஒரு மனிதர் மனைவியிடம் மறைத்ததை நான் ஒரு ஸ்க்ரிப்டில் போட்டு உடைத்துவிட்டேன். எழுத்து ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதுதான் வேடிக்கை. தொலைந்தது அது அடிக்கப்பட்டது என்ற செய்தி.

"அது மட்டுமில்ல. கணக்குல வீசத்தைக் காணோம்."

இது இன்னும் மோசம். ஐயா வட்டிக்கடைக்காரர் அல்லவா? பக்கத்துக்குப் பக்கம் தொகை. அதுவும் கால், அரைக்கால், வீசம் என்று பழைய பின்னக் குறிகளில். ரூபாய், வருடம், மாதம், தேதி ஆகியவற்றுக்கான ௹, ௵, ௴, ௳ போன்ற குறிகள் 2003லேயே யூனிகோடில் வந்துவிட்டன. பின்னங்கள் வரவில்லை. அவை 2019 மார்ச்சில், யூனிகோடு 12 பதிப்பில், தமிழ்ச் சேர்ப்பு என்ற தனித் தொகுதியின் 51 எழுத்துகளில் ஒரு பகுதியாக வந்தன. சார் தொடங்கியது 2013இல். இல்லாத எழுத்தை எப்படித் தட்டுவார்? அதற்கும் டிஇஐ வழி வைத்திருக்கிறது. "இந்த இடத்தில் ஒரு தனி எழுத்து இருக்கிறது, அதன் விவரம் ஃபைலின் தலைப்பகுதியில் இன்ன இடத்தில்" என்று சுட்டுகிற வெற்று டேக் ஒன்று, ஜி என்று பெயர். உள்ளே எழுத்து கிடையாது, வெறும் சுட்டு. உள்ளே எழுத்தில்லாத டேகை உரித்தால் என்ன மிஞ்சும்? காற்றுதான். ஐந்தே வீசம் ஐந்தாகிவிட்டது. பதினாறில் ஒரு பங்கை நம்பிக் கடை நடத்தியவரின் பேரேட்டில் நான் கைவைத்துவிட்டேன்.

இதே மாதிரி, பூச்சி அரித்து நாலு எழுத்து போன இடத்தில் சார் போட்டிருந்த "இடைவெளி" டேகும் வெற்று டேக். அதுவும் போய், ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த சொற்கள் ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு வாக்கியம் பிறந்திருந்தது. படித்தால் அர்த்தமும் வருகிறது! ஐயா எழுதாத வாக்கியம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து முழு ஃபைலையும் வரி வரியாகப் படித்தேன். தை மாதமே செய்திருக்க வேண்டியது.

சாரும் கண்டுபிடிக்காத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தின் தலையில் ஐயா "பிரமாதி௵ ஆவணி௴ ௰௭௳" என்று போடுவார். பிரமாதி வருடம் 1879லும் வரும், 1939லும் வரும், 1999லும் வரும். அறுபது வருடச் சக்கரத்தின் வசதி அது, தொல்லையும் அதுதான். இது 1939தான் என்பதை ஐயா கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. சார் தபால் முத்திரை பார்த்து, வட்டிக் கணக்கு பார்த்து, கடிதத்துக்குக் கடிதம் முடிவுசெய்து, தேதி டேகின் அட்ரிபியூட்டில் ஆங்கில வருடமும் மாதமும் போட்டிருந்தார். 214 அட்ரிபியூட். ஆறு வருட உழைப்பின் சாரமே அதுதான் என்று சொல்லலாம். என் ஸ்க்ரிப்ட் 214ஐயும் விட்டுவிட்டு வந்திருந்தது. பக்கத்தைப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. ஐயா எழுதிய தேதி அப்படியே இருக்கிறதே.

நம் வீட்டில் கல்யாணத்துக்கு வரும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று. சாம்பாரை அந்தப் பாத்திரத்திலிருந்து வேறொன்றில் ஊற்றினால் சாம்பார் முழுசாக வந்துவிடும். வெட்டிய பெயர் வராது. அட்ரிபியூட் என்பது அந்தப் பெயர்.

இதில் எனக்கு ஏற்கனவே ஒரு சூடு உண்டு. கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு பதிப்பகத்தின் பழைய இதழ்களை, எக்ஸ்எம்எல்லுக்கு முந்திய எஸ்ஜிஎம்எல்லிலிருந்து புது எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றுகிற ப்ராஜெக்ட். மூவாயிரத்துச் சொச்சம் கட்டுரை. ஒரு கட்டுரையில் ஐந்து ஆசிரியர் இருந்தால், கடிதம் எழுத வேண்டியது யாருக்கு என்பதை ஒரு அட்ரிபியூட்தான் சொல்லும். என் விதியில் அது விட்டுப்போயிற்று. எந்த டேக் எங்கே வரலாம் என்று சொல்லும் டிடிடியின்படி ஃபைல் எல்லாம் வேலிட். க்யூசியில் பாஸ். ப்ரூஃப் பார்த்தவர்கள் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டார்கள், எழுத்து சரியாக இருந்தது. அந்த அட்ரிபியூட் கட்டாயமில்லை என்று டிடிடியில் இருந்ததால் அதுவும் வாயைத் திறக்கவில்லை. நாலு மாதம் கழித்து க்ளையன்ட் கேட்டான். டீம் லீட் என்னை அழைத்துத் திட்டவில்லை, "வேலிட்னா என்னன்னு நினைச்ச?" என்று மட்டும் கேட்டார். வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே வருகிறவர்கள் ஒழுங்காக உடுத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பான். வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் அது, ஆனால் அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

இடைவெளியின் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொழிலில் இருக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். எக்ஸ்எம்எல்லில் படிக்க வசதியாக உள்ளே தள்ளி அடுக்கும்போது வரும் வெற்றிடமும், எழுத்துக்கு நடுவே நிஜமாகவே வேண்டிய வெற்றிடமும் பார்க்க ஒரே மாதிரிதான். "வெற்றிடத்தை எல்லாம் துடைத்துவிடு" என்று ஒரு கட்டளை இருக்கிறது. போட்டால், ஊர் டேகில் இருக்கும் "தேவகோட்டை"யும் ஆள் டேகில் இருக்கும் "அண்ணாமலை"யும் ஒட்டிக்கொண்டு "தேவகோட்டைஅண்ணாமலை" ஆகிவிடும். சரி என்று "அழகாக அடுக்கிக் கொடு" என்ற இன்னொரு கட்டளையைப் போட்டால், அது தேவையில்லாத இடத்தில் வரியை உடைத்து வெற்றிடம் சேர்க்கப் பார்க்கும். ஆங்கிலத்தில் டேக் முடிகிற இடமும் சொல் முடிகிற இடமும் பெரும்பாலும் ஒன்று, அதனால் அவர்களுக்கு வலி குறைவு. நமக்கு வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொள்கிறதே. "காரைக்குடி" மட்டும் ஊர் டேகுக்குள், "க்கு" வெளியே. அடுக்கியவன் "காரைக்குடி க்கு" என்று தந்தான். "ரங்கூனிலிருந்து" என்பதில் நிலைமை இன்னும் சங்கடம். ரங்கூன் எங்கே முடிகிறது, உருபு எங்கே தொடங்குகிறது? "னி" என்ற எழுத்துக்குள்ளே. டேகை அங்கே நட்டால் எழுத்து இரண்டாகிவிடும்.

எழுத்தை இரண்டாக்குகிற வேலையை சார் ஒரு இடத்தில் வேண்டுமென்றே செய்திருந்தார். ஐயா பழைய வழக்கப்படி புள்ளி வைக்க மாட்டார். சார் படிப்பவருக்காகப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி தன்னுடையது, ஐயாவுடையது இல்லை என்று தெரிய, புள்ளிக்கு மட்டும் "பதிப்பாசிரியர் தந்தது" என்று டேக் போட்டிருந்தார். நேர்மை என்றால் இதுதான் நேர்மை. ஆனால் வெப் பக்கத்தில் மெய்யெழுத்து ஒரு டேகிலும் புள்ளி இன்னொரு டேகிலுமாகப் பிரிந்து நின்றால், சில பிரவுசர்களில் புள்ளி அநாதையாகி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி முறை ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு இந்த வலி தெரியும். அங்கே "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையில் மூன்று துண்டு. யூனிகோடிலோ க முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்புக்கும் க-வுக்கும் நடுவே ஒரு டேக் விழுந்திருந்தால், ஒவ்வொரு துண்டு எழுத்தாக எடுத்து மாற்றும் நிரல் கொம்பை எங்கே நகர்த்துவது என்று தெரியாமல் முழிக்கும். கடைசியில் நான் செய்தது: வெப் பக்கத்தில் முழு எழுத்துக்கும் டேக் போட்டு, "இதில் புள்ளி மட்டும் பதிப்பாசிரியருடையது" என்பதை அட்ரிபியூட்டில் எழுதிவைத்தேன். மூல ஃபைலைத் தொடவில்லை.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார் கடிதங்களுக்குத் தந்த எண்ணில் 88 கிடையாது. அந்தக் கடிதம் இருந்ததற்கு மறு கடிதத்தில் சாட்சி இருக்கிறது, கடிதம்தான் இல்லை. அதனால் எண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தார். கையில் இருப்பது 214, கடைசி எண் 215. என் ஸ்க்ரிப்ட் சமர்த்தாக 1, 2, 3 என்று தானாக எண்ணிக்கொண்டு போய் 214இல் முடித்தது. புறநானூற்றில் 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. உ.வே.சா. 1894இல் அச்சேற்றியபோதே கிடைக்காதவை. ஆனாலும் 266க்கு அடுத்து 269 என்றுதான் இன்றுவரை அச்சிடுகிறோம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தே இல்லை, நூல் இரண்டாம் பத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பதிப்புகளை என் ஸ்க்ரிப்ட் கையில் கொடுத்திருந்தால் நூறு வருடத்துக்கு மேலான மேற்கோள் எல்லாம் எண் தள்ளிப்போயிருக்கும். இல்லாததையும் இல்லை என்று எண்ணி வைப்பது பதிப்பு வேலை. தானாக எண்ணும் நிரலுக்கு அது தெரியாது.

பங்குனி வாக்கில் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன், தலைகீழாக. முன்பு, எனக்குத் தெரிந்த டேகுக்கு விதி, மற்றதெல்லாம் உரிபடட்டும் என்று இருந்தேன். இப்போது முதல் விதி, எதைப் பார்த்தாலும் அப்படியே நகலெடு. டேக், அட்ரிபியூட், கமென்ட் எல்லாம். ஒன்றையும் மாற்றாத மாற்றம். எக்ஸ்எஸ்எல்டிக்காரர்கள் இதை ஐடென்டிட்டி டிரான்ஸ்ஃபார்ம் என்பார்கள். முதல் பதிப்பில் நாலைந்து வரி எழுத வேண்டும், 2017 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரே வரி. இதன் மேல் மாற்ற வேண்டியதற்கு மட்டும் ஒவ்வொன்றாக விதி சேர்த்துக்கொண்டு போக வேண்டும். நான் மறந்த டேக் இப்போதும் உண்டு. ஆனால் அது காணாமல் போகாமல், மாறாமல், அசிங்கமாக வெளியீட்டில் வந்து நிற்கும். அசிங்கமாக நின்றால் கண்ணில் படும். மூன்றாம் பதிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. விதியில்லாத டேக் வந்தால் வேலையையே நிறுத்திவிடு என்று சொல்லலாம். நான் கடைசிக் கட்டத்தில் அதற்கு மாறிவிட்டேன். நாற்பது தடவை நின்றது, நாற்பதும் நியாயமான காரணத்துக்கு.

டிஇஐயை வெப்பில் காட்ட சீட்டேசியன் என்று ஒரு கருவி இருக்கிறது, அது செய்வது இதன் உச்சம். டேகை எச்டிஎம்எல் டேகாக மாற்றுவதே இல்லை. டிஇஐ பெயரையே முன்னொட்டோடு பிரவுசருக்குக் கொடுத்துவிட்டு, தோற்றத்தை மட்டும் சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொள்கிறது. மாற்றினால்தானே தொலையும்! ஆசையாக இருந்தது. ஆனால் சார் கேட்டது தேடல், தேதிவாரிப் பட்டியல், போனில் வேகமாகத் திறப்பது. அதனால் நான் எச்டிஎம்எல்லுக்கே போய், டிஇஐ அட்ரிபியூட் ஒவ்வொன்றையும் எச்டிஎம்எல் அனுமதிக்கிற டேட்டா அட்ரிபியூட்டாக ஏற்றிவைத்தேன். ஐயாவின் "பிரமாதி௵" கண்ணுக்குத் தெரியும், 1939 பின்னால் இருக்கும், பட்டியல் அதை வைத்து வரிசைப்படும். பின்னங்களுக்கு 2019 எழுத்துகளையே போட்டு, எல்லார் போனிலும் அவற்றுக்கு எழுத்துரு இருக்காது என்பதால் நோட்டோ தொகுப்பின் எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

பிறகு எண்ணிக்கை. இது மாமியார் வீட்டுச் சீர் வரிசை மாதிரி. போகும்போது எத்தனை தட்டு, இறங்கும்போது எத்தனை தட்டு. மூல ஃபைலில் அடித்தது எத்தனை, இடைவெளி எத்தனை, தேதி எத்தனை, பின்னம் எத்தனை. வெப் பக்கங்களில் அதே எத்தனை. எல்லாம் பொருந்தியது, பின்னம் தவிர. சாதாரண டெக்ஸ்ட் தேடலில் மூலத்தில் 412. மாற்றிய பக்கங்களில் 411.

ஒரு வீசம். இரண்டு நாள் தேடினேன். டேகைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத்தில் எண்ணினால் மூலத்திலும் 411தான் வந்தது. ஒரே ஃபைலுக்கு இரண்டு எண்ணிக்கை எப்படி வரும்? காரணம் பிடிபட்டபோது சிரிப்புதான் வந்தது. டெக்ஸ்ட் தேடல் கமென்ட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கும். எக்ஸ்பாத்துக்குக் கமென்ட்டுக்குள் இருப்பது டேக் இல்லை, வெறும் எழுத்து. 412ஆவது பின்னம் ஒரு கமென்ட்டுக்குள் இருந்தது. 1938இல் எழுதிய ஒரு கடிதத்தின் கடைசி மூன்று வரியை சார் முழுசாகக் கமென்ட்டில் போட்டு மூடியிருந்தார்.

சாரின் மற்ற கமென்ட்டுகளை நான் முன்பே படித்திருந்தேன். "இந்தக் கையெழுத்து ஐயாவுடையது இல்லை, பெட்டியடிப் பையனாக இருக்கலாம்" என்பது போல நிறைய. குறிப்புக்கென்று டிஇஐயில் தனி டேக் இருக்கும்போது அதையெல்லாம் கமென்ட்டில் எழுதுவது முறையில்லைதான். ஆனால் மனிதர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், எங்கே கை போகிறதோ அங்கே. அவற்றையெல்லாம் சாரிடம் கேட்டுக் குறிப்பு டேகுக்கு மாற்றியிருந்தேன். இந்த மூன்று வரி மட்டும் நீளமாக இருந்ததால் ஏதோ பழைய நகல் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

படித்தேன். உறவுக்காரர் ஒருவரின் பெயர், அவர் வாங்கிய தொகை, திருப்பித் தராதது, அதைப் பற்றி ஐயா எழுதிய ஒரு சொல். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

இங்கேதான் எனக்கு வியர்த்தது. என் புது ஸ்க்ரிப்ட் எல்லாவற்றையும் நகலெடுக்கிற ஸ்க்ரிப்ட். எச்டிஎம்எல்லிலும் கமென்ட் உண்டு. அந்த மூன்று வரி வெப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் வியூ சோர்ஸ் போட்டால் யாருக்கும் தெரிகிற மாதிரி, சோதனைத் தளத்தில் பத்து நாளாகக் கிடந்திருக்கிறது. பழைய ஸ்க்ரிப்ட் எதையும் கேட்காமல் கமென்ட்டைத் தூக்கிப்போட்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல். உடனே தளத்தை மூடிவிட்டு சாருக்குப் போன் போட்டேன்.

"சார், 1938ல ஒரு லெட்டர், கடைசி மூணு வரி..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அழிக்க மனசு வரல தம்பி. ஐயா எழுதினதாச்சே. காட்டவும் மனசு வரல."

"அப்ப என்ன பண்ணட்டும் சார்?"

"பெட்டியில இருக்கட்டும். கடையில வேண்டாம்."

மூல ஃபைலில் அந்தக் கமென்ட் அப்படியே இருக்கிறது. மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறோம், ஒன்று சாரின் பேத்தியிடம். வெப்புக்குப் போகும் ஸ்க்ரிப்டில் கமென்ட்டை விடு என்று ஒரே ஒரு விதி சேர்த்திருக்கிறேன், ஏன் விடுகிறோம் என்ற காரணத்தையும் அதற்கு மேல் எழுதிவைத்திருக்கிறேன். அதையும் கமென்ட்டாகத்தான்.